சிரிக்காத சம்பந்திக்கு மூன்று நாள் விருந்து

மராகேஷ்,
குளியல்வீட்டுச் சந்து,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து.

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணன் மௌலூத் அவர்களுக்கு, உங்கள் ஒரே தம்பி பூஜ்மா ஸலாம் சொல்லி, கையை முத்தமிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி மஹ்ஜூபாவும் என் தள்ளுவண்டியின் இடது சக்கரமும் சுகம். வலது சக்கரத்துக்கு வயசாகிவிட்டது, அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது. அவ்விடம் கெனித்ராவில் நீங்களும் அண்ணியும், நம் வீட்டுப் பெண் ஸுஹூரும், உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்துக்கொண்டே சொல்வாய், எது நிஜம் எது விளையாட்டு என்று எனக்குப் பிடிபடாது, அதனால் நடந்ததை எழுதி அனுப்பு, எழுத்தில் புளுகுகிற அளவுக்கு நீ படிக்கவில்லை என்று சொன்னீர்கள். நியாயம்தான். நாலாம் வகுப்போடு நின்றவன் எவ்வளவு புளுகிவிட முடியும்? அதனால் முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அண்ணி கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள், எனக்குத் தெரியும். சம்பந்தி வந்தார். மூன்று நாள் இருந்தார். இன்று மதியம் போனார். கல்யாணம் வசந்தத்தில். இனி நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் நீங்கள் எழுதின கடிதத்தை ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஃபெஸ் ஊர் ஹாஜியார் தாமி, மாப்பிள்ளைப் பையனுடைய வாப்பா, மருந்துக்கடை முதலாளி, செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறார். மராகேஷை மூன்று நாள் சுற்றிப்பார்க்கிற சாக்கில் உன் வீட்டில் தங்குவார். பெண் வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வைத்திருப்பார்கள், சித்தப்பா வீட்டுக்குப் போனால்தான் குடும்பத்தின் லட்சணம் தெரியும் என்பது அவர் கணக்கு என்று எழுதியிருந்தீர்கள். சாம்பல் நிற ஜிலாபா அங்கி, வெள்ளைத் தாடி, கையில் தோல் பை, போன் வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது, நீங்களே அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்ததாகவும், அரைமணி நேரத்தில் அவர் உதடு ஒரு பக்கம் கூட அசையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு: 'நீ வாயைத் திறந்தால் ஸுஹூர் கல்யாணம் நின்றுவிடும். மூன்று நாள் விளையாட்டுப் பேச்சே கூடாது.' இரண்டாவது கோட்டில் பேனா தாளைக் கிழித்திருந்தது. உங்களுக்காகக் கேட்டிருப்பேனோ என்னவோ, ஆனால் அன்றைக்கே ஸுஹூர் போன் போட்டாள். எப்போதும், "என்ன சித்தப்பா, உங்க வண்டி உங்களைத் தள்ளுதா, நீங்க வண்டியைத் தள்ளுறீங்களா?" என்று ஆரம்பிக்கிற பெண், அன்றைக்கு, "சித்தப்பா, எனக்காக மூணு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அதோடு என் வாய்க்குப் பூட்டுப் போட்டேன்.

என் வாய்க்கு மட்டும் போட்டால் போதுமா? இது மராகேஷ். இங்கே ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்காரனிடம் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டுதான் வரணும். அதனால் சந்து முழுக்க நடந்து ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பொதுக் குளியல்வீட்டு அடுப்புக்கார ஃபராஜி, "சரி, உன் பொண்ணு எங்க பொண்ணு" என்றான். அல்லாலிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அல்லாலை உங்களுக்குத் தெரியும், என்னோடு சதுக்கத்து முனையில் வண்டி நிறுத்துகிறவன், நாலு வீடு தள்ளி இருக்கிற அந்தப் பெரிய விடுதிக்கு வருகிறவர்களின் பெட்டியைத் தள்ளுகிறவன், எனக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற கிண்டல்காரன்.

"மூணு நாளா? அதுக்கு நான் செத்தே போயிடறேன் பூஜ்மா, லேசா இருக்கும்."

"செத்துப்போ. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சாகாத. சாவுன்னா நாலு பேர் கூடுவாங்க, கூடினா எவனாவது வாயைத் திறப்பான்."

"இதுவே கிண்டல்தானே?"

"இன்னிக்குத் திங்கக்கிழமை. நாளையிலிருந்துதான் கணக்கு."

செவ்வாய்க்கிழமை சதுக்கத்து முனையில் வண்டியோடு நின்றேன். வண்டியைக் கழுவி, பாய் விரித்து, ஒரு கொத்துப் புதினாவும் வைத்திருந்தேன். அல்லாலும் பக்கத்தில் நின்றான், விடுதிக்கு யாரோ வருகிறார்களாம். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். டாக்ஸி வந்தது. சாம்பல் ஜிலாபா, வெள்ளைத் தாடி, தோல் பை, உறைந்துபோன உதடு. நீங்கள் எழுதினது அச்சாக அப்படியே. இறங்கினவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டியோட ஆள் நிப்பாங்கன்னாங்க. நீதானா?"

"நான்தான் ஹாஜியாரே. உங்க பாதம் பட்டது எங்க பாக்கியம்."

"வீடு தூரமா?"

"ஓரம் போங்கன்னு நாப்பது தடவை கத்தற தூரம்."

இது கிண்டல் இல்லை அண்ணே, நான் எப்போதும் தூரத்தை அப்படித்தான் அளப்பேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்து, "வெளியில ஒண்ணுமே தெரியல, எல்லாம் உள்ளதான் இருக்கும் போல" என்றார். உள்ளே வந்து முற்றத்தைப் பார்த்து, "நீரூற்று இருக்குன்னாங்களே?" என்றார். நீங்கள் ஆள்விட்டுச் சம்பந்தம் பேசும்போது அப்படி ஏதாவது அளந்துவிட்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. முற்றத்துக் குழாயைத் திறந்து காட்டினேன். அது இருமிவிட்டு, கொஞ்சம் துப்பியது. அவர் ஜிலாபாப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அண்ணே, அந்த நோட்டு! மூன்று நாளும் என் உசிரு அந்த நோட்டுக்குள்தான் இருந்தது.

நம் வாப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்தவனை மூன்று நாளைக்கு எதுவும் கேட்கக் கூடாது. பேர் என்ன, ஊரில் என்ன சேதி, எதற்கு வந்தாய், எப்போது போவாய், ஒன்றும் கூடாது. வந்தவனும் கேட்கக் கூடாது. ஃபெஸ்காரர்கள் இந்த மரியாதையில் நம்மைவிட ஒரு படி மேல் என்று சொல்வார்கள், அது உண்மைதான். மூன்று நாளில் ஹாஜியார் ஸுஹூரைப் பற்றி ஒரு வார்த்தை, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை, பையனைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் எடுக்கவில்லை. மஹ்ஜூபாவுக்குத்தான் பொறுக்கவில்லை. சாப்பாடு போடும்போது, "எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாருக்குமே சமையல்ல நல்ல கை, ஹாஜியாரே" என்று மெல்ல ஆரம்பித்தாள். அவர் மென்றுகொண்டே, "தெரியுது" என்று சொல்லி நோட்டை எடுத்தார். இவள் சமையலறைக்குள் ஓடிவந்து என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், சந்தோஷத்தில்.

முதல் நாளே சாவி கேட்டார். "என் சாவி எங்க?" என்றார், கேட்ட தோரணையில் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நம் வீட்டில் இருப்பது ஒரே சாவி, வாப்பா காலத்து இரும்புச் சாவி, ஒரு முழம் இருக்கும், கதவோ தானாகப் பூட்டிக்கொள்ளும். கொடுத்தேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து எடையை யோசித்து, பைக்குள் போட்டுக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டார். நான் வண்டியைப் பார்க்க வெளியே வந்தேன், மஹ்ஜூபா ரொட்டி சுட மாவு கொடுத்துவிட்டு வர வெளியே போனாள், கதவு சாத்திக்கொண்டது. பொழுது சாய்ந்து மக்ரிப் வரைக்கும் ரெண்டு பேரும் சொந்த வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், ஒருத்தனும் ஒன்றும் கேட்கவில்லை. என் வாசலில் நானே பிச்சைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், இந்தச் சந்தில் ஒருத்தன் கூடக் கிண்டல் பண்ணாமல் போகிறான் என்றால் அவர்கள் எங்களுக்காக எவ்வளவு தியாகம் பண்ணினார்கள் என்று பாருங்கள். பால்காரன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினான். ஹாஜியார் திரும்பி வந்து, "ஓ, நீங்க வாசல்ல நின்னு வரவேற்பீங்களா, நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். பொறுமையைச் சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டோம்.

காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு, மொட்டைமாடியில், தனியாக. இதுவும் அவர் உத்தரவு. மஹ்ஜூபா துணிக்கொடியை அவிழ்த்து, பக்கத்து வீட்டுக் கோழியை அதன் வீட்டுக்கு அனுப்பி, தேன், ஆலிவ், சுடச்சுட அடுக்கு ரொட்டி எல்லாம் கொண்டுபோய் வைத்தாள். "இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன இருக்கு?" என்றார். "அல்லாஹ் கொடுக்கறது எதுவோ அது" என்றாள். "சரி, அதைத் தவிர?" என்றார். மஹ்ஜூபா கீழே வந்து அடுப்படியில் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு பத்து நிமிஷம் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன். அழுகை இல்லை. அவளுக்கும் மூணு நாள் கணக்கு இருக்கிறது என்பதை நான் மறந்துபோனேன்.

புதன்கிழமை, "இன்னிக்கு ஊரைக் காட்டு" என்றார். அண்ணே, முப்பது வருஷமாக இந்த ஊரை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே பெட்டி தள்ளுகிறேன். பெரிய பள்ளிவாசல் கோபுரத்து உச்சியில் இருக்கிற செப்பு உருண்டைகள் ஒரு சுல்தான் விளையாட்டாக மேலே எறிந்த ஆரஞ்சுப் பழங்கள், இறங்கி வரப் பயந்து அங்கேயே நின்றுவிட்டன என்பேன். பாழடைந்த அரண்மனைச் சுவர் மேல் கூடு கட்டியிருக்கிற செங்கால் நாரைகள் அந்தக் காலத்து வரி அதிகாரிகள், அரண்மனை போனது தெரியாமல் இன்னும் வேலைக்கு வருகிறார்கள் என்பேன். எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் இந்த மூன்று நாள் விளையாட்டுக் கூடாதே. விளையாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

"இந்த அரண்மனையை யார் கட்டினது?"

"ஒரு சுல்தான், ஹாஜியாரே."

"எந்த சுல்தான்?"

"இறந்துபோனவர்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் அது சத்தியமான பதில்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"தெரியாது."

"இந்த நாரையெல்லாம் எங்கிருந்து வருது?"

அண்ணே, என் தொண்டைக்குள் அந்த வரி அதிகாரிகள் இறக்கையை அடித்துக்கொண்டு முட்டினார்கள். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "தெரியாது ஹாஜியாரே" என்றேன். "பொறந்ததிலிருந்து இந்த ஊருதானே நீ?" என்று கேட்டு நோட்டை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் உள்ளங்கையில் ஒரு பத்து டிர்ஹாம் காசை வைத்து என் விரல்களை மூடினார், பெருநாளைக்கு வாப்பா வைப்பாரே, அப்படியே. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவனுக்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். கையை முத்தமிட்டேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடக்கமான மனுஷன்.

வியாழக்கிழமை என் கழுத்து வீங்கிவிட்டது. சொல்லாத பேச்செல்லாம் அங்கே போய்த் தங்கிவிட்டது என்று மஹ்ஜூபா சொன்னாள். ஃபராஜி எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று காட்டுமூலிகைக் கஷாயம் கொடுத்துவிட்டான். அன்றைக்கு ஹாஜியாருக்காக நானே தஞ்சியா வைத்தேன். அதில் பெண்கள் கை படக் கூடாது என்பது இந்த ஊர் ஆம்பிளைகளின் ஒரே கர்வம். கசாப்புக்கடையிலேயே மண்ஜாடியில் கால்கறி, பூண்டு, சீரகம், உப்பில் ஊறின எலுமிச்சை, பழைய நெய், குங்குமப்பூ எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் மூடிக் கயிறு கட்டி, ஃபராஜியிடம் கொண்டுபோனேன். ஹாஜியாரும் பார்க்கணும் என்று கூடவே வந்தார். குளியல்வீட்டு அடுப்புச் சாம்பலுக்குள் ஜாடியைப் புதைக்கும்போது குனிந்து எட்டிப்பார்த்தார், ஊரே குளிக்க வெந்நீர் போட்ட சாம்பலில் பாதி அவர் தாடிக்கு வந்துவிட்டது.

"இதுக்குள்ள எத்தனை ஜாடி இருக்கு?" என்றார்.

ஃபராஜி என்னைப் பார்த்தான். அவன் வழக்கமாகச் சொல்லும் பதில் 'நாப்பது, அதுல ஒண்ணுல மட்டும் என் மாமியார்'. உதடு துடித்தது. "நாப்பது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பதுதான்" என்றான். திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாயங்காலம் ஜாடியைக் கவிழ்த்தபோது கறி பஞ்சு மாதிரி வந்தது. எல்லாரும் ஒரே தட்டில் கை வைக்கிறோம், ஹாஜியார் மட்டும் தனித் தட்டும் முள்கரண்டியும் கேட்டார். சாப்பிட்டு, "உப்பு ஒரு கல் கம்மி. மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். ஃபெஸ்காரர் வாயிலிருந்து மராகேஷ் தஞ்சியாவுக்கு இந்த வார்த்தை! அந்த ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இன்று வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கிளம்புமுன், "அபிப்பிராயம் எழுதற புஸ்தகம் வெச்சிருக்கீங்களா?" என்றார். நான் ஆடிப்போனேன். வாய்ச்சொல்லே போதும் என்று நினைத்திருந்தோம், மனுஷன் எழுத்திலேயே சம்மதம் கொடுக்கிறார்! மஹ்ஜூபா மளிகைச் சாமான் எழுதுகிற நோட்டைக் கொண்டுவந்தாள். வெங்காயம், சோப்புக்கு அடுத்த பக்கத்தில் அஞ்சாறு வரி பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம் இருவருக்கும் பிரெஞ்சு வராது, அதனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் அலுவலகத்தில் யாரையாவது படிக்கச்சொல்லி அண்ணியிடம் சத்தமாகச் சொல்லுங்கள். வாசலில் நின்று அவரே சொன்னதை நான் இரண்டு காதாலும் கேட்டேன்: "வசந்தத்துல வரேன். ரோஜா பூக்கற சமயம். வீட்டு ஜனம் எல்லாரையும் கூட்டிட்டு, இருபது பேர். இப்பவே இடம் ஒதுக்கி வெச்சிருங்க." ஃபெஸ்காரர்கள் இப்படித்தான் தேதி குறிப்பார்கள் போல. நான் கட்டித் தழுவினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். மஹ்ஜூபா குலவை விட்டாள், சந்து முழுக்கக் கேட்டது.

ஆகவே அண்ணே, நீங்கள் சொன்னது சரி, நான் வாயை மூடினால் இந்தக் குடும்பத்தில் நல்லது நடக்கும். ஸுஹூரிடம் சொல்லுங்கள், சித்தப்பா மூணு நாள் செத்துப் பிழைத்தான், வண்டிச் சக்கரத்துக்கு அவள் சம்பளத்தில் ஒரு பங்கு வரணும் என்று. அண்ணிக்கு என் ஸலாம். உங்கள் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயும் என் துஆவும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், வாசல் அடையாமல், பந்தியில் இடம் போதாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக.

இப்படிக்கு உங்கள் சொல் கேட்ட தம்பி,
பூஜ்மா.

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஸலாமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வாசல்படியில் உட்கார்ந்து, தொடைமேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மஹ்ஜூபா மூன்று நாள் அலுப்புத் தீரக் குளியல்வீட்டுக்குப் போயிருந்தாள். எதிரே அல்லால் வருகிறான், கூடவே சாம்பல் ஜிலாபாவும் வெள்ளைத் தாடியும் தோல் பையுமாக இன்னொரு பெரியவர். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"பூஜ்மா," என்றான் அல்லால், "இவர் எனக்கு மௌலூத்னு ஒரு அண்ணன் இருக்காருங்கறார். எனக்கு இருக்கறது நாலும் தங்கச்சி. உனக்குத்தானே மௌலூத்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் பூஜ்மாவா? அப்ப இவர் யாரு?"

"இவன் அல்லால். நீங்க?"

அண்ணே, மூன்று நாள் முடிந்துவிட்டதால் கேட்டேன். வாப்பா மன்னிக்கட்டும், முதல் நாளே கேட்டிருக்கணும்.

"ஃபெஸ். ஹாஜி தாமி."

எனக்குப் பின்னால் கதவு காற்றில் சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சதுக்கத்து முனையில் ரெண்டு டாக்ஸி வந்திருக்கிறது. முதலில் வந்தவர் விடுதியில் இடம் பேசி முன்னாலேயே காசும் கட்டிய யாரோ ஒரு பெரியவர். அவரை நான் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். வயசான யாரையும் நாம் ஹாஜியாரே என்றுதானே கூப்பிடுகிறோம், அவருக்கு என்ன சந்தேகம் வரும்? அடுத்து வந்த நம் சம்பந்தியை அல்லால் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டான். என் தம்பி வண்டியோடு நிற்பான் என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருந்தீர்களாம், அதனால் அல்லால்தான் நான் என்று அவர் நினைத்திருக்கிறார். விடுதியில் ஒரு தாளை நீட்டி இருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார், ரொம்ப ஒழுங்கான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு. நீரூற்று, ஆரஞ்சு மரம், கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர். மூன்று நாள் எதுவும் கேட்கக் கூடாதே, அவரும் கேட்கவில்லை.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் தேடி வந்தேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஸுஹூர் போனை வைத்த சத்தம்தான் காதில் கேட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுல நாலு ஆம்பிளைங்க. நாலு பேரும் மருந்து அளக்கற மாதிரி பேச்சை அளப்போம். சிரிச்சவ என் சம்சாரம் ஒருத்திதான், அவளும் போயிட்டா. உங்க அண்ணன் என்னைப் பார்த்தது அவ மையத்தை எடுத்த அன்னிக்குத்தான். அப்புறம் ஒருநாள் உங்க பொண்ணு ஃபெஸ்ஸுக்கு வந்தப்ப எங்க கடைக்கு வந்து எதுவோ சொன்னா, கடையில நின்ன நோயாளி எல்லாம் சிரிச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலம் என் மகன் சாப்பிடும்போது தானா சிரிச்சான். இந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. எங்கிருந்து இது அவளுக்கு வந்துச்சுன்னு கேட்டேன், மராகேஷ்ல அவ சித்தப்பா ஒருத்தர்னாங்க. அந்தச் சித்தப்பாவைப் பார்க்கத்தான் வந்தேன். அரண்மனை மாதிரி வீடு, எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு 'உங்க சித்தம்'ங்கறாங்க. சித்தப்பான்னு நான் நினைச்ச இவரோ மூணு நாளா என்னைப் பார்த்தாலே உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கறார். இவங்க நம்மளைவிட மோசம்னு நினைச்சேன்."

"உசிரே போச்சுங்க," என்றான் அல்லால். "இவன் போட்ட உத்தரவு."

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் இரண்டு கோடு, குழாய் இருமினது, வரி அதிகாரிகள், ஃபராஜியின் மாமியார், எல்லாம். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. உறையைக் கிழித்து அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தை எடுத்து, "சம்மதம் எழுத்துலயே வாங்கிட்டேன், படிங்க" என்றேன். மெதுவாகப் படித்துச் சொன்னார்: "படுக்கை சற்றுக் கடினம். விளம்பரத்தில் கண்ட நீரூற்று இல்லை. வீட்டு அம்மாளின் சமையல் உயர்ந்த தரம். வண்டிக்காரருக்கு வரலாறு எதுவும் தெரியாது, ஆனால் யோக்கியன். அளவுக்கு மீறி முத்தமிடுகிறார்." அந்த இடத்தில் நிறுத்தினார். தோள் குலுங்கியது. தாளை முகத்தில் வைத்துக்கொண்டார். சம்பந்தி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அல்லால் குனிந்து பார்த்தான். ரெண்டும்தான் அண்ணே. பால்காரன் ஓடிவந்து, "மூணு நாள் முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிஞ்சுது என்றதும் அவன் செவ்வாய்க்கிழமையிலிருந்து தேக்கி வைத்திருந்த கிண்டலை எல்லாம் என் தலையில் கொட்டினான், சந்தே கொட்டியது.

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விருந்தாளிக்கு மூணு நாள் பாக்கி இருக்கு, இன்னிக்குத்தான் முதல் நாள்" என்றார். கல்யாணம் வசந்தத்தில்தான், இது அவர் வாயிலிருந்து வந்தது, நான் பேர் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கணுமாம், பந்தியில் படிக்கணுமாம்.

இப்போது நாங்கள் இன்னும் வாசல்படியில்தான் இருக்கிறோம். அல்லால் பக்கத்து வீட்டு மாடி வழியாக உள்ளே இறங்கிக் கதவைத் திறக்கப் போயிருக்கிறான், கோழி சத்தம் போடுகிறது. சாவி அந்த முதல் விருந்தாளியோடு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. கையெழுத்தில் பேர் இருக்கிறது, விடுதியில் கேட்டு விலாசம் வாங்கிவிடுவேன், ஆனாலும் அழைப்பிதழில் அவர் வீட்டு இருபது பேருக்கும் இடம் போட்டுவிடுங்கள். ரோஜா பூக்கும்போது அவர் எப்படியும் வருவார், இடமும் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் எங்களுக்கு மாடி வழிதான்.